கூலி முந்தி, தானம் பிந்தி

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் மின்சார ரயில் திருவொற்றியூரைத் தாண்டித்தான் வருகிறது. அந்த ஊரில் செக்காட்டி எண்ணெய் விற்றவர் கலிய நாயனார். அறுபத்துமூன்று நாயன்மார்களில் மன்னர்கள் இருக்கிறார்கள், படைத்தலைவர் இருக்கிறார், வேதியர்கள் இருக்கிறார்கள். சிறுதொழில் செய்து குடும்பம் நடத்துகிற என் போன்றவர்களின் மனதுக்கு நெருங்கி வருபவர் இவர்தான்.

கோயிலில் இரவும் பகலும் விளக்கெரிப்பது அவர் ஏற்றுக்கொண்ட திருப்பணி. அதிலேயே சொத்தெல்லாம் கரைந்தது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, கிடைத்த கூலியில் விளக்கெரித்தார். அதுவும் நின்றபோது பிறர் செக்கில் கூலியாளாக நின்றார். அந்த வேலையும் கிடைக்காமல் போனபோது வீட்டை விற்றார். கடைசியில் மனைவியையே விற்கத் துணிந்தார். வாங்க ஆளில்லை. எண்ணெய்க்குப் பதில் தம் இரத்தத்தை வார்க்கக் கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தான் என்கிறது பெரியபுராணம்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டால் கண் கலங்கும். பட்டறைக் கணக்கு எழுத உட்கார்ந்த பிறகு, இதே கதை எனக்குள் ஒரு கேள்வியாக மாறிவிட்டது. தர்மம் செய்கிறவர் எதிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்? அது யாருடையது? எண்ணெயும் வீடும் நாயனாருடையவை. அந்த அம்மாள் அவருடைய சொத்தா? நாயனாரின் பக்தியை எடைபோடும் தகுதி எனக்கில்லை. ஆனால் இறைவன் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்த இடத்தைத்தான் சம்சாரிகளாகிய நாங்கள் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை. என் மாமனார் ஒரு கம்பெனியில் டர்னராக வேலை பார்த்து, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு ஆரம்பித்தது. இன்று மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு சிஎன்சி என்று நிற்கிறது. பெரிய ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் என்று ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறோம். மெஷின் பக்கம் என் கணவர் பார்த்துக்கொள்கிறார். சிஎன்சி மகன் பொறுப்பு. சம்பளம், பிஎஃப், இஎஸ்ஐ, ஜிஎஸ்டி எல்லாம் என் மேசையில். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஏதாவது ஓர் அரசுப் பள்ளிக்குப் போவோம். உடைந்த பெஞ்சுக்கு வெல்டிங், ஆடுகிற கதவுக்குக் கீல், ஒழுகுகிற குழாய்க்கு மாற்று. ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு நடந்துபோகிறவர்களுக்கு மோர் கொடுப்போம். மாமனார் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது.

ஊரில் இதைப் புண்ணியம் என்கிறார்கள். மாமனார் அந்தச் சொல்லைச் சொல்லவிட மாட்டார். “புண்ணியம் அப்புறம். மொதல்ல கடன்” என்பார். அவர் படித்தது எட்டாவது. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் பிறகு படித்ததெல்லாம் அவர் சொன்ன அந்த வரிசைக்கே என்னைக் கொண்டுவந்து சேர்த்தது.

இந்த மண்ணில் நிற்கிற ஒவ்வொரு தொழிலுக்கும் கடன் இருக்கிறது. சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகங்கள் கிராமங்களின் நடுவேதான் எழுந்தன. ஒரு காலத்தில் மாடு மேய்ந்த இடத்தில் இன்று உருக்காலைகளும் வார்ப்பட ஆலைகளும் நிற்கின்றன. ஆலை விடுகிற புகையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள்தான் சுவாசிக்கிறார்கள். சரக்கு லாரிகள் அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிற சாலையில்தான் போகின்றன. அந்தப் பள்ளிக்கு நாங்கள் ஒரு பெஞ்சைச் சரிசெய்து கொடுத்தால், அதை எப்படி தானம் என்பது? வாங்கியதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

திருவள்ளுவர் இந்த வேறுபாட்டை அறிந்தே அதிகாரங்களை அமைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபத்திரண்டாவது அதிகாரம் ஒப்புரவறிதல். இருபத்துமூன்றாவது ஈகை. ஊரோடு வாழ்கிறவர் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை முதலில் வருகிறது. இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நாம் பெரும்பாலும் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரை அதற்கு வைத்துக்கொள்கிறோம்.

ஊருக்கான கடனுக்கும் முந்திய கடன் ஒன்று உண்டு. அது பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. எங்களிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் எழுதியது. ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் என்று 1965ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. ஆனாலும் தீபாவளிக்கு முன்னால் போனஸ் கொடுப்பதை ஏதோ முதலாளி மனமிரங்கிச் செய்கிற உபகாரம்போல் பேசுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அந்தப் பணத்தைக் குறைத்துக்கொண்டு, அதே மாதத்தில் கோயிலில் அன்னதானத்துக்குப் பேனர் கட்டினால், அந்தச் சோற்றைப் போட்டது யார்? இலையில் விழுந்தது லேத்தின் முன்னால் நின்ற பையனின் உழைப்பு. பேனரில் இருப்பது முதலாளியின் படம்.

இதைக் கடுமையாகச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் தேசிய நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நோக்கி மனிதர்கள் நடந்து போனார்கள். தலையில் மூட்டை, தோளில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். நாங்கள் வீட்டில் கிச்சடி செய்து, பொட்டலம் கட்டி, சாலையோரம் நின்று கொடுத்தோம். எங்கள் வீட்டில் அதுவரை கிச்சடி அதிகம் செய்ததில்லை. எங்கள் பட்டறைப் பையன்களே பருப்பும் அரிசியும் எந்த அளவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்ட ஓர் ஆள், நாற்பது வயது இருக்கும், உடைந்த தமிழில் என்னிடம் கேட்டார்: “சோறு நல்லது அம்மா. எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி இருக்கு. அதை வாங்கித் தர முடியுமா?”

என்னால் முடியவில்லை. அவர் வேலை செய்த இடத்தில் கதவு பூட்டியிருந்தது. அவர் நடந்து போய்விட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் எங்கள் கிச்சடி சின்னதாகிவிட்டது. பசிக்குச் சோறு கொடுப்பது பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிவதைவிடப் பெரிய வழிபாடு தமிழ்நாட்டில் உண்டா என்ன? ஆனால் அந்த மனிதர் பசியோடு நின்றது மழை பொய்த்ததால் அல்ல. அவருக்குச் சேர வேண்டியது அவரிடம் சேராததால். கூலியை நிறுத்தி ஏழையாக்கிவிட்டு, அந்த ஏழைக்குச் சோறு போட்டுப் புண்ணியம் தேட முடியாது. எந்தச் சாமியும் அந்தக் கணக்கை ஏற்காது.

சமயங்கள் எல்லாம் இந்த இடத்தில் ஒத்துப்போவதைப் பார்க்க வியப்பாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பட்டறைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். ரமலான் வந்தால் அவர் ஜகாத் கணக்குப் போடுவார். ஓராண்டு கையில் தங்கிய செல்வத்தில் இரண்டரை சதவீதம். “கொடுக்க வேண்டிய கடனையெல்லாம் கழிச்சிட்டுத்தாம்மா மிச்சத்துக்குக் கணக்கு. அந்த இரண்டரையும் என்னோடது இல்ல, அவங்க உரிமை” என்று அவர் ஒருமுறை சொன்னார். கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. திருப்பிச் செய்ய இயலாதவருக்கு, உரிய இடத்தில், உரிய காலத்தில், கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு கொடுப்பது மேலானது. பலனை எதிர்பார்த்தோ மனம் வருந்தியோ கொடுப்பது அடுத்தது. அவமதித்துக் கொடுப்பது கடைசி. பேனருக்காகக் கொடுப்பது இவற்றில் எங்கே விழும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சேக்கிழார் பெரியபுராணம் பாடிய அதே பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் வாழ்ந்தார். எகிப்தில் மருத்துவராகவும் இருந்தவர். தர்மத்தை அவர் எட்டுப் படிகளாக வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது அடிப்படி. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது ஏழாவது. அதற்கும் மேலே எட்டாவதாக அவர் வைத்தது எது தெரியுமா? ஒருவருக்கு வேலை கொடுப்பது, கடன் கொடுப்பது, தொழிலில் கூட்டுச் சேர்ப்பது. அவர் இனி யாரிடமும் கை நீட்டாதபடி நிற்கவைப்பது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. நியாயமாக நடத்தப்படுகிற ஒரு சின்னப் பட்டறை, அன்னதானக் கூடத்துக்குக் குறைந்த இடம் அல்ல என்று ஒரு மகான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் பெரிய முகாம் உண்டு. 2021இல் அரசு இத்தகைய முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கே பிறந்து அங்கேயே வளர்ந்த பிள்ளைகளும் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் எங்கள் பட்டறைக்கு வருவார்கள். மகன் அவர்களுக்கு வெர்னியர் பிடிக்கவும், மைக்ரோமீட்டரில் அளவு பார்க்கவும், டிராயிங் படிக்கவும் சொல்லிக்கொடுக்கிறான். பொட்டலம் ஒரு வேளைக்கு. டிராயிங் படிக்கத் தெரிந்த பிள்ளை ஐடிஐ முடித்துவிட்டு எந்தக் கம்பெனி வாசலிலும் தலை நிமிர்ந்து நிற்கும்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு: 500 கோடி நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தன் ஊழியருக்கு மட்டும் செய்கிற நன்மை இந்தக் கணக்கில் சேராது. சரிதான், வீட்டுக்குள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத் தர்மம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது. ஊழியர்கள் இலவசமாகச் செய்யும் சேவைக்கு விலை போட்டு அதில் சேர்க்கவும் முடியாது என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்திருக்கிறது.

எங்களைப் போன்ற பட்டறைகள் இந்தச் சட்டத்தின் பக்கத்திலேயே வருவதில்லை. ஆனால் அதன் நிழல் எங்கள் மேல் விழுகிறது. சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் எங்கள் பில்லை மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தபோது, அதே நிறுவனம் பக்கத்து ஊரில் மருத்துவ முகாம் நடத்திய சுவரொட்டியைப் பார்த்தேன். அந்த மாதம் நகையை அடகு வைத்துத்தான் பையன்களுக்குச் சம்பளம் போட்டேன். முகாமில் மருந்து வாங்கிய பாட்டிக்கு நல்லது நடந்தது. சந்தோஷம். ஆனால் அந்த மருந்தில் ஒரு பங்கு என் வளையல்.

இங்கே இன்னொரு கேள்வி வருகிறது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போகும்போது பட்டறைப் பையன்களையும் அழைக்கலாமே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மாமனார் ஆரம்பத்திலிருந்தே அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதலாளி கேட்டால் தொழிலாளி மறுக்க முடியுமா? மறுக்க முடியாதவன் செய்வது தொண்டா? வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற ஓய்வு, ஊருக்கு வீடியோ காலில் பேசுகிற நேரம், துணி துவைக்கிற நேரம். அதைச் சிரித்த முகத்தோடு கேட்டு வாங்கினாலும் பறித்தது பறித்ததுதான். யாராவது தானாக வந்து நின்றால் அன்றைக்கு அவருக்குக் கூலி உண்டு என்பது எங்கள் வீட்டு விதி. வேண்டாம் என்றாலும் கணக்கில் ஏறும். வீட்டுக்குள்ளும் அதே விதிதான். மருமகள் வந்த புதிதில் மாமனார் அவளிடம், “வரணும்னு தோணினா வாம்மா. தோணலைன்னா வீட்டுல இரு. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்” என்றார். அவள் முதல் வருடம் வரவில்லை. இப்போது பள்ளிக்கூட வேலைகளின் பட்டியல் அவள் கையில்தான் இருக்கிறது. கலிய நாயனாரின் மனைவிக்குக் கிடைக்காத கேள்வி இவளுக்குக் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

குடும்பத்தின் மனம் சேராத தர்மம் என்ன ஆகும் என்பதற்குப் பெரியபாளையத்தில் வளர்ந்த ஒருவரே சாட்சி. பச்சையப்ப முதலியார் 1754இல் பிறந்தார். பிறக்கும் முன்பே தகப்பன் போய்விட்டார். தாயார் பெரியபாளையத்தில் அடைக்கலமாக இருந்து வளர்த்தார். பிறகு சென்னையில் ஆங்கிலேயருக்குத் துபாஷியாக இருந்து பெரும் பொருள் சேர்த்தார். 1794இல், நாற்பதாவது வயதில், செல்வத்தைத் தர்மத்துக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்தார். அதன் பிறகு உறவினர் பிணக்கும் நீதிமன்ற வழக்குகளுமாகப் பல பத்தாண்டுகள் ஓடின. அவர் பெயரால் பள்ளி திறந்தது 1842இல். அந்தப் பள்ளிதான் பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆகி ஆயிரமாயிரம் பிள்ளைகளைப் படிக்கவைத்தது. ஆனால் நடுவில் போன 48 ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்ந்து முதிர்ந்திருப்பார்கள்! அவருடைய எண்ணம் தங்கம். அதை நடத்திக்காட்ட வீட்டில் கைகள் பழகியிருக்கவில்லை. பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே வெல்டிங் கண்ணாடியோடு கூட்டிக்கொண்டு போவது இதற்காகத்தான். கொடுக்கிற பழக்கம் கையில் ஏறிவிட்டால் உயில் தேவையில்லை.

எதிலிருந்து எடுத்துக் கொடுப்பது என்ற என் பழைய கேள்விக்கு இன்னொரு நாயனாரிடம் பதில் இருக்கிறது. திருவள்ளூர் போகிற ரயில் பாதையில் திருநின்றவூர் இருக்கிறது. பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், காசு கிடைக்கவில்லை. மனதுக்குள்ளேயே கல் கொண்டுவந்து, நாள் பார்த்து, அடித்தளம் முதல் கலசம் வரை கட்டி முடித்தார். காஞ்சியில் காடவர்கோன் என்ற மன்னன் கற்கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் அதே நாளாக அமைந்தது. இறைவன் மன்னனின் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலாரின் கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றான்.

பக்தியின் பெருமைக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. மன்னன் கட்டிய கோயிலில் குடிகளின் வரி இருக்கிறது, சிற்பிகளின் தோள் இருக்கிறது. பூசலார் கட்டியதில் பூசலாருடையதைத் தவிர வேறு எதுவும் இல்லை. அவருடைய நேரம், அவருடைய கவனம், அவருடைய ஆயுளின் நாட்கள். யாரிடமிருந்தும் எடுக்காமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒரு தொழில் நடத்துகிறவருக்கு இது பெரிய பாடம். எங்கள் பட்டறையின் பணத்தில் எது என் உழைப்பு, எது பையன்களின் உழைப்பு, எது இந்த மண்ணின் தண்ணீர் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐயமில்லாமல் என்னுடையது. அதனால்தான் காசோலையை விடத் தொண்டு உயர்ந்தது என்று சொல்கிறேன். பூசலார் மனதில் கட்டினார். நமக்கு அந்தத் தவம் கைகூடாது. நாம் கையால் கட்டலாம்.

சிப்காட்டில் தொழில் நடத்துகிற என் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்கு அன்னதானப் பேனர் அடிக்கக் கொடுப்பதற்கு முன் சம்பளப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஓவர்டைம் பாக்கி, போனஸ் பாக்கி, சின்னச் சப்ளையரின் பில் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவது பத்து ரூபாயாக இருந்தாலும் அது உங்களுடையது; மனம் நிறைந்து கொடுங்கள். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கதவைச் சரிசெய்யுங்கள். அந்தக் கதவில் யாருடைய பாக்கியும் இருக்காது.